வாட்டுத் தொட்டி ஃபேனின் இரைச்சலுக்கு மெட்டாமெட்டீரியல் சரிவருமா?

கேட்கப்பட்டது இதுதான். நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) மாடியில், கொழுந்தைப் பரப்பிக் காற்றால் வாட்டும் பத்து வாட்டுத் தொட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 48 அங்குல ஃபேன். பின்னேரம் கொழுந்து வந்ததும் தொடங்கி விடியும்வரை ஓடுகின்றன. மேட்டில் இருக்கும் லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் தூக்கமில்லை. மெட்டாமெட்டீரியல், அதாவது சிறு அதிர்விகளை அடுக்கி ஒலியை மறிக்கும் அமைப்பு, அதனாலான பலகை பொருத்தினால் 94 விழுக்காடு சத்தம் நின்றுவிடும் என்று விற்பனையாளர் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

தொழில்நுட்பத்தை நம்பலாம். அந்தப் பலகையை அப்படியே வாங்க வேண்டாம். இரவு முழுக்க ஒரே சுருதியில் நிற்கும் தாழ்ந்த இரைச்சலுக்குத்தான் மெட்டாமெட்டீரியல் மிகவும் பொருந்தும். தேயிலை ஸ்டோரில் அதற்கு வாட்டு ஃபேனைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் உங்கள் ஃபேனின் சுருதியை அளந்து, அதற்கென்றே செய்த பெட்டிகள்தான் வேலை செய்யும். அவற்றைத் தகர வேலை தெரிந்த ஒரு பாஸே (கைவினைஞரே) செய்து தரலாம்.

முதலில் அந்த 94. 2019 இல் பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வளையத்தைச் செய்து காட்டினார்கள். நடுவில் காற்றுப் போக வழி திறந்திருக்கும், அதைச் சுற்றித் திருகுசுருளான வழிகள் இருக்கும். குழாய்க்குள் வந்த ஒலிச் சக்தியில் 94 விழுக்காட்டை அது தடுத்தது. விற்பனைத் தாள்களில் வரும் எண் பெரும்பாலும் இதிலிருந்து எடுத்ததுதான். டெசிபலில் இது 12. காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றவே ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். ஆகவே 94 விழுக்காடு நின்றாலும் கேட்பவருக்குப் பாதிக்குச் சற்றுக் கீழே போனதாகத்தான் இருக்கும். அதுவும் ஒரு குறுகிய அதிர்வெண் பட்டைக்குள் மட்டும். இது சாதனைதான், சிறிதென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டை உங்கள் ஃபேனின் பட்டையாக இருந்தால்தான் உங்களுக்குப் பலன்.

அதைக் கண்டுபிடிப்பது எளிது. ஃபேன் இலைகளின் எண்ணிக்கையை, அது ஒரு நொடியில் சுற்றும் தடவையால் பெருக்குங்கள். ஆறு துருவ மோட்டர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 960 சுற்று, அதாவது நொடிக்கு 16. எட்டு இலை என்றால் 128 ஹெர்ட்ஸ். நான்கு துருவ மோட்டர் 1440 சுற்றில் ஓடினால் அதே ஃபேன் 192 ஹெர்ட்ஸில் இரையும். இவற்றின் இரண்டு, மூன்று மடங்குகளிலும் சத்தம் இருக்கும். ஆனால் லயம்வரை போவது பெரும்பாலும் அடித்தொனிதான். கைபேசியில் அலைமாலை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்ற படம்) காட்டும் ஒரு செயலி போட்டு, ஃபேனுக்கு முன்னால் பிடித்தால் அந்தத் தொனி முள்போல எழுந்து தெளிவாகத் தெரியும். கைபேசி காட்டும் டெசிபலை நம்பாதீர்கள், அதிர்வெண்ணை நம்பலாம். பத்து ஃபேன்களும் ஒவ்வொன்று சிறிது வேறுபட்ட வேகத்தில் ஓடுவதால் சத்தம் ஏறி இறங்கி அலைபோல வரும். தூக்கத்தைக் கெடுப்பதில் அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி, வழக்கமான கண்ணாடிப் பஞ்சும் பாறைக் கம்பளியும் ஏன் இங்கே உதவாது என்பதைப் பார்ப்போம். மலைநாட்டு இரவின் 15 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர். 128 ஹெர்ட்ஸின் அலைநீளம் 2.66 மீட்டர். பஞ்சு நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் அலைநீளத்தின் கால்பங்கு, அதாவது 66 செ.மீ. தடிப்பு வேண்டும். 5 செ.மீ. பலகை அந்த இரைச்சலைத் தொட்டும் பார்க்காது. இது எந்தத் தொழிற்சாலைக்கும் பொது. தேயிலைக்கு இன்னும் மூன்று காரணங்கள் உண்டு. ஃபேன் இழுக்கும் காற்று நேரே கொழுந்துக்குள் போகிறது, நார்த்துகள் ஒன்று உதிர்ந்தாலும் அது தேயிலையில் சேரும். மாடியின் ஈரத்தில் பஞ்சு நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். மூன்றாவது, தேயிலை வாசனையை இழுத்துக்கொள்ளும். பசை, வார்னிஷ், தார்த்தகடு, புது ரப்பர் எது மணத்தாலும் கோப்பையில் தெரிந்துவிடும். நுரைப் பஞ்சு தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதைப் பலகைத் தளமும் தூசும் உள்ள ஒரு ஸ்டோரில் சொல்லத் தேவையில்லை. நார் இல்லாத, கழுவக்கூடிய, வெறும் தகட்டால் ஆன ஒலித்தடை வேண்டும் என்பதே மெட்டாமெட்டீரியலை இங்கே நான் ஆதரிக்க முதற் காரணம்.

2000 இல் ஹொங்கொங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சிலிக்கோன் ரப்பர் பூசிய ஒரு சென்ரிமீட்டர் ஈயக் குண்டுகளை அடுக்கி, சில சென்ரிமீட்டர் தடிப்பிலேயே 400 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியை நிறுத்திக் காட்டினார்கள். பொருளின் தடிப்பைவிட அதற்குள் அடுக்கிய சிறு அதிர்விகளின் ஒத்திசைவே வேலை செய்தது. போத்தல் வாயில் ஊதினால் ஒரே சுருதி வருவதும் இதே தத்துவம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த அதே வாய்க்குறுகிய பெட்டியை, அலைநீளத்தைவிட மிகச் சிறிய இடைவெளிகளில் வரிசையாக வைத்தால், அந்தச் சுவரின் முன் அலை முன்னே போக முடியாமல் திரும்புகிறது. உங்களுக்குத் தேவை இதுதான். ஈயமும் சவ்வும் கொழுந்துக் காற்றில் வேண்டாம்.

பெட்டிக்குப் போகுமுன் ஃபேனைப் பாருங்கள். இதைத் தவிர்த்துவிட்டுப் பெட்டி செய்வது பணவிரயம். இலையின் நுனிக்கும் வளையத்துக்கும் இடையே 6 முதல் 12 மி.மீ. வரை சுற்றிலும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் உரசுவதுபோலவும் மறுபக்கம் 25 மி.மீ. திறந்தும் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் தொனி எழும். காற்று நுழையும் வாயில் மணிவாய் வளைவு இல்லாமல் வெட்டிய தகட்டு விளிம்பு இருந்தாலும் அப்படித்தான். எல்லாவற்றிலும் மோசமானது ஃபேனுக்கு முன்னால் நிற்கும் மோட்டர் தாங்கிகள். எட்டு இலைக்கு நான்கு அல்லது எட்டுத் தாங்கி இருந்தால் பல இலைகள் ஒரே கணத்தில் தாங்கிகளைக் கடக்கின்றன, துடிப்புகள் கூடிச் சேர்கின்றன. ஐந்து அல்லது ஏழாக மாற்றி, இலையின் அகலம் அளவுக்காவது தள்ளி வையுங்கள். சாக்குகளும் கூடைகளும் ஃபேன் வாய்க்கருகே குவிந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது வேகம். மின்சாரம் மிச்சம்பிடிக்க வேகம் மாற்றும் கருவி பொருத்தும் எண்ணம் இருந்தால், அதை முதலில் செய்து முடியுங்கள். 50 ஹெர்ட்ஸிலிருந்து 40க்கு இறக்கினால் ஃபேன் சத்தம் ஏறத்தாழ 5 டெசிபல் குறையும், மின்சாரம் பாதியளவுக்கு வரும். கொழுந்தின் மேல் ஈரம் போன பிறகு காற்றைக் குறைப்பது எப்படியும் நல்ல வாட்டு முறைதான், டீமேக்கர்கள் மறுக்கமாட்டார்கள். ஆனால் தொனி 128இலிருந்து 102க்கு இறங்கிவிடும். 128க்குச் செய்த பெட்டிகள் அப்போது சும்மா தொங்கும். இரவில் நெடுநேரம் எந்த வேகத்தில் ஓடுகிறதோ அந்த வேகத்தை நிலையாக வைத்து, அதற்கே பெட்டி செய்யுங்கள்.

இப்போது பெட்டி. 128 ஹெர்ட்ஸுக்கு உள்ளளவு 20 × 20 செ.மீ. முகமும் 30 செ.மீ. ஆழமும், அதாவது 12 லீட்டர். முகத்தின் நடுவில் 75 மி.மீ. விட்டத்தில் வாய், அதற்கு 15 மி.மீ. நீளக் கழுத்து. புத்தகத்தில் உள்ள எளிய சூத்திரத்தைப் போட்டால் 10 லீட்டர் போதும் என்று வரும். அந்தக் கணக்கு, வாய்க்கு உட்புறமும் வெளிப்புறமும் பரந்த சுவர் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. 20 செ.மீ. முகத்தில் 75 மி.மீ. துளை என்றால் உட்புறச் சுவர் அவ்வளவு பரந்ததல்ல. ஆகவே 10 லீட்டர்ப் பெட்டி உண்மையில் 140 ஹெர்ட்ஸுக்கு அருகே ஒத்திசையும். இந்த ஒன்பது விழுக்காட்டுப் பிழையே பல முயற்சிகளைக் கெடுத்திருக்கும். 102 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் அதே முகத்துக்கு ஆழம் 47 செ.மீ. ஆகும்.

1.6 மி.மீ. நாகமுலாம் தகடு நல்லது. மரப்பலகை வளையாது, வேலையும் எளிது, ஆனால் ஒட்டுப்பலகையின் பசை மணக்கும். மெல்லிய பிளாஸ்டிக் கேன்களைப் பயன்படுத்த நினைக்காதீர்கள், சுவர் அதிர்ந்து சுருதியைக் குலைத்துவிடும். மூட்டுகளில் ஊசித்துளைகூட இருக்கக் கூடாது. இருட்டறையில் உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டை தெரியும். சிலிக்கோன் அடைத்தால் மணம் முழுதும் போகும்வரை வெளியே காயவிட்டுப் பிறகு மாடிக்கு ஏற்றுங்கள்.

ஃபேனுக்கு முன்னால் 1.5 × 1.5 மீட்டர் வாயும் 90 செ.மீ. நீளமும் உள்ள ஒரு சதுரக் கூடு வையுங்கள். ஃபேனைவிடக் கூடு அகலமாக இருப்பது முக்கியம். வாட்டு ஃபேனின் அழுத்தமே மிகக் குறைவு. காற்று நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கூட்டுக்குள் போனால் அதன் வேக அழுத்தமே 50 பாஸ்கல், அதாவது 5 மி.மீ. தண்ணீர். அதில் பாதி இழந்தாலும் கொழுந்து வாட நேரம் கூடும், அதன்பிறகு உங்கள் பெட்டிகளை யாரும் வைத்திருக்கமாட்டார்கள். கூட்டை நெடுக்கும் குறுக்குமாக இரண்டு தகடுகளால் நான்கு அறையாகப் பிரியுங்கள். பிரிக்காத 1.5 மீட்டர் கூட்டில் 113 ஹெர்ட்ஸுக்கு மேல் அலை குறுக்கே சாய்ந்து பாயத் தொடங்கும், சுவர்ப் பெட்டிகளின் பிடியிலிருந்து பெரும்பகுதி தப்பிவிடும். பிரித்தால் அந்த எல்லை ஏறத்தாழ 227 ஹெர்ட்ஸுக்குப் போகிறது. நான்கு சுவர்களிலும் சுவருக்கு எட்டாக மொத்தம் 32 பெட்டிகளை, வாய் உள்நோக்கியபடி வெளியே பொருத்துங்கள்.

இந்த 32 பெட்டிகள் தருவது, இழப்பில்லாத எளிய கணக்கின்படி, சுருதி 2 விழுக்காடு பிசகினால் 15 டெசிபல், 5 விழுக்காடு பிசகினால் 8, 10 விழுக்காடு பிசகினால் 4க்கும் கீழே. சுருதி சேர்ப்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் வேண்டும் என்பதற்கு இந்த மூன்று எண்களே போதும்.

ஆகவே பெட்டிகளை 32.5 செ.மீ. ஆழத்தில், 13 லீட்டராகச் செய்யுங்கள். அப்போது சுருதி 123க்கு அருகே இருக்கும், கொள்ளளவைக் குறைத்து மேலே ஏற்றலாம். ஒரு லீட்டர் குறைந்தால் ஏறத்தாழ 5 முதல் 6 ஹெர்ட்ஸ் ஏறும். பெட்டியை வாய் மேலே வரும்படி நிறுத்தி, உள்ளே ஒரு சிறு மைக்கை இறக்கி, எதிரே ஒலிபெருக்கியில் 100 முதல் 160 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றுங்கள். உள்ளே சத்தம் எங்கே உச்சமாகிறதோ அதுதான் பெட்டியின் சுருதி. தண்ணீர் ஊற்றி ஊற்றி வேண்டிய சுருதிக்குக் கொண்டுவந்து, ஊற்றிய அளவைக் குறித்துக்கொண்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டு அதே கனவளவுள்ள மூடிய தகரத் துண்டை உள்ளே இறுக்குங்கள். தண்ணீரை விட்டுவைத்தால் டெங்கு நுளம்பு பெருகும். 16 பெட்டிகளை 126க்கும் 16ஐ 130க்கும் வைத்தால் மோட்டரின் சிறு வேக மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும். அடுப்புச் சூட்டுக் காற்றைக் கலந்து வாட்டுகிற ஸ்டோர் என்றால், கலந்த காற்றின் வெப்பத்தில் அளந்து கொள்ளுங்கள். 15 பாகையிலிருந்து 30 பாகைக்குப் போனால் பெட்டியின் சுருதி 2.6 விழுக்காடு ஏறும், ஃபேனின் தொனி அசையாது.

தகர வேலைக்கு ஆள் கிடைக்காவிட்டால் 110 மி.மீ. பீவீசீ குழாய் உண்டு. ஒரு முனையை மூடி, வாய் சுவரோடு சமமாக இருக்கும்படி வைத்தால் உள்நீளம் 62 செ.மீ. 128க்கு ஒத்திசையும். மடக்கியும் வைக்கலாம். ஒரு பெட்டியின் வேலைக்கு ஏறத்தாழ மூன்று குழாய் வேண்டும் என்பது இதன் குறை. மூன்றாம் மடங்கான 384 ஹெர்ட்ஸையும் சேர்த்துப் பிடிப்பது இதன் நிறை.

பொருத்திய பிறகு கெடுவது பெரும்பாலும் வாயில்தான். 75 மி.மீ. துளையுள்ள இருட்டுப் பெட்டியைக் குளவி விடாது. மலைநாட்டில் குளவிக் கொட்டு உயிரை எடுக்கும் விடயம், ஆகவே ஒவ்வொரு வாயிலும் துருப்பிடிக்காத நுண்வலை கட்டாயம். வலை வாயில் காற்று ஊளையிடுவதையும் தடுக்கும். வலையில் தூசு படிந்தால் பெட்டி மந்தமாகும், மாதமொருமுறை துடையுங்கள். வலை போட்ட பிறகே சுருதியை அளக்க வேண்டும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? ஃபேனின் சத்தத்தில் ஒரு பங்கு முன்னே மாடிக்குள் வருகிறது, மறுபங்கு தொட்டிக்குள் போய்க் கொழுந்துப் படுக்கை வழியாக மேலே வருகிறது. முன்பக்கத்தைக் குறைத்ததும் மறுபக்கம் மேலோங்கும். ஃபேனுக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள விரிவுப் பகுதியில் இன்னும் 16 பெட்டி வைக்க இடமிருந்தால் வையுங்கள். பத்தில் ஒரு ஃபேனை மட்டும் முழுதாக அடக்கினாலும் லயத்தில் அரை டெசிபல்கூடக் குறையாது, ஐந்தை அடக்கினால் 3. எனவே ஒன்றில் செய்து, மற்றவற்றை நிறுத்திவிட்டு ஃபேனுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் சோதித்துப் பாருங்கள். பலித்தால் எல்லாவற்றுக்கும் செய்யுங்கள். கொழுந்து குறைந்த நாட்களில் லயத்துக்குத் தூரமான தொட்டிகளை முதலில் நிரப்புவது காசில்லாத வைத்தியம், அதை இன்றிரவே தொடங்கலாம்.

விற்பனையாளர்களின் பலகைகளில் சவ்வும் காற்றறையும் கொண்ட வகை வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த உயரத்தில் சுருதி சேர்த்தீர்கள்? ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெட்டியின் சுருதி உயரத்தால் மாறாது, வெப்பத்தால் மட்டும் மாறும். ஆனால் காற்றறையையே சுருளாக நம்பும் சவ்வுப் பலகையின் சுருதி காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு இறங்கும். 1868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் அழுத்தம் கடல்மட்டத்தின் 80 விழுக்காடு. கொழும்பில் 100 ஹெர்ட்ஸுக்குச் சேர்த்த பலகை அங்கே 89இல் நிற்கும்.

மற்ற இயந்திரங்களுக்கு இந்த வழி பெரிதாக உதவாது. சலிப்பு இயந்திரத்தின் ஆட்டம் தளம் வழியாகப் பரவுவது, அதற்கு அடியில் அதிர்வுத் தாங்கிதான் வேண்டும். சீடீசீ (கொழுந்தை நொறுக்கிச் சுருட்டும் இயந்திரம்), ரோலர் சத்தம் பல அதிர்வெண்களில் பரந்தது. அங்கே வேலை செய்பவர்களின் காதைக் காக்க மூடி, பற்சக்கரப் பராமரிப்பு, காதுக் கவசம் ஆகியவையே வழி. ஜெனரேட்டர் மட்டும் விதிவிலக்கு. 1500 சுற்றில் ஓடும் ஆறு சிலிண்டர் டீசல் இயந்திரம் 75 ஹெர்ட்ஸில் தெளிவான தொனி எழுப்பும், புகைக்குழாயில் பக்கக்கிளை ஒத்திசைவி வைக்கலாம். ஆனால் ஒலி வேகத்தைச் சூடான புகையின் வெப்பத்தில் கணக்கிட வேண்டும்.

கடைசியாக அளவீடு. 1996 ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55, மாலை 6 முதல் காலை 6 வரை 45 ஏ-டெசிபல் என்பது எல்லை. ஏ அளவுகோல் 128 ஹெர்ட்ஸில் 16 டெசிபல் கழித்தே காட்டும். அதனால் இரைச்சல் நன்றாகக் குறைந்தும் மானியில் ஒன்றிரண்டு டெசிபல்தான் இறங்கியிருக்கலாம், அல்லது மானி எல்லைக்குள் காட்டியும் லயத்தில் தூக்கம் வராமல் இருக்கலாம். 125 ஹெர்ட்ஸ் மூன்றிலொரு எண்மப் பட்டையை (அந்த அதிர்வெண்ணைச் சுற்றிய குறுகிய பட்டையை) தனியாக அளக்கும் மானியைக் கேட்டு வாங்குங்கள். காம்பராவுக்குள் (லயத்து அறைக்குள்) ஒரே இடத்தில் நின்று அளக்காதீர்கள், 128 ஹெர்ட்ஸ் அலை சுவர்களுக்கிடையே நின்று ஒரு மூலையில் அதிகமாகவும் அறை நடுவில் குறைவாகவும் இருக்கும். வெளியே முற்றத்தில், மழையில்லாத அமைதியான இரவில், பொருத்துவதற்கு முன்னும் பின்னும் அதே ஃபேன்கள் ஓட, அதே இடத்தில் அளந்து பாருங்கள். பனி இறங்கும் தெளிந்த இரவுகளில் குளிர்காற்று பள்ளத்தில் தங்கி ஒலியைக் கீழே வளைக்கும், எதிர்மலை லயத்துக்குக்கூடச் சத்தம் எட்டும். ஒரு தெளிந்த இரவையும் ஒரு மேகமூட்ட இரவையும் ஒப்பிட்டால் எண்கள் உங்களை ஏமாற்றிவிடும்.